எந்த நாட்டுக் கடப்பிதழ்?

உயர்கல்விச் சேர்க்கைக்கான காலம் வந்துவிட்டால் எங்கள் செலண்டார் வட்டாரத்துப் பழைய மாணவர்கள் சிலர் என் வீட்டுக்கு வருவது வழக்கம். ஒருவருக்கு நற்சான்றுக் கடிதம் வேண்டும். இன்னொருவருக்கு எந்தத் துறையைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம். தேநீர் கொடுத்துப் பேசி அனுப்பிவிடுவேன். ஆனால், 2019ஆம் ஆண்டு ஒரு மாலையில் வந்த மாணவி கேட்ட கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

அவள் எஸ்.டி.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தாள். அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க மலேசியக் குடியுரிமை வேண்டும். அவளிடம் அது இல்லை. ஆகவே, தனியார் கல்லூரி ஒன்றுக்குச் சென்று விசாரித்திருக்கிறாள். அங்கிருந்த ஆலோசகர் அன்பாகவே பேசினாராம். “நீங்கள் குடிமகள் இல்லையென்றால் வெளிநாட்டு மாணவருக்கான படிவத்தை நிரப்புங்கள். மாணவர் அனுமதிச் சீட்டுக்குக் கடப்பிதழ் கொண்டு வாருங்கள்” என்று சொல்லியிருக்கிறார்.

“எந்த நாட்டுக் கடப்பிதழ் சார்?” என்று கேட்டாள் என் மாணவி.

அவள் பிறந்தது மலாக்கா மருத்துவமனையில். வளர்ந்தது செலண்டாருக்கு அருகே ஒரு செம்பனைத் தோட்டத்தில். மலாக்கா மாநிலத்தை விட்டு வெளியே சென்றது ஒரே ஒரு முறை, அதுவும் பள்ளிச் சுற்றுலாவில். வெளிநாட்டு மாணவர் என்றால் அவருக்கென்று வெளியே ஒரு நாடு இருக்க வேண்டும். இவளுக்கு இதைத் தவிர வேறு நாடு கிடையாது. இந்த நாடோ, அவளைத் தன் கணக்கில் சேர்த்திருக்கவில்லை.

இந்தக் கதையில் என் பங்கு என்ன என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். 2006ஆம் ஆண்டு சனவரியில் அவளை முதலாம் ஆண்டில் பதிவு செய்தவன் நான்தான். பிறப்புப் பத்திரத்தின் அந்த ஒரு கட்டத்தில் ‘புக்கான் வார்கநெகாரா’, அதாவது குடியுரிமை அற்றவர் என்று அச்சாகியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். தந்தையிடம் கேட்டேன். “அப்புறம் பார்த்துக்கலாம் சார், இப்ப பிள்ள படிக்கட்டும்” என்றார். படிக்கட்டும் என்பது எனக்கும் நியாயமாகவே பட்டது. குடியுரிமை இல்லாத மாணவர்களுக்கான ஆண்டுக் கட்டணம் 120 வெள்ளியை வசூலித்துப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தேன். பாடநூல் கடனுதவித் திட்டத்தில் அவளுக்கு இடமில்லை என்பதால் முந்தைய ஆண்டு மாணவர்களின் பழைய நூல்களைத் திரட்டிக் கொடுத்தேன். உதவி செய்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

2011இல் அவள் ஆறாம் ஆண்டு. பன்னிரண்டு வயதானதும் பிள்ளைகள் மைகார்ட் எடுப்பார்கள். எடுத்த மறுநாள் அதை வகுப்பில் ஒருவருக்கொருவர் காட்டி, படத்தில் இருக்கும் முகத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். இவள் மட்டும் அந்தக் கூட்டத்தில் சேராமல் மேசையிலேயே அமர்ந்திருந்தது நினைவிருக்கிறது. அதே ஆண்டு பிப்ரவரியில் ‘மைடஃப்தார்’ என்ற பெயரில் ஆவணமற்ற இந்தியர்களைப் பதியும் இயக்கம் நாடெங்கும் நடைபெற்றது. நானும் சில குடும்பங்களுக்குப் படிவம் எழுதிக் கொடுத்தேன். இவளது பெற்றோர் வரவில்லை. நானும் தேடிப் போகவில்லை. தோட்டம் பள்ளியிலிருந்து மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரத் தொலைவுதான்.

இவ்வளவுக்கும் அவளுடைய தந்தை நீல அடையாள அட்டை வைத்திருக்கும் குடிமகன். பிறகு எப்படி மகள் குடியுரிமை அற்றவள் ஆனாள்? படித்தவர்கள் பலரும் என்னிடம் கேட்ட கேள்வி இது. நம் திருமணச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு, 1982 மார்ச் முதல் நடப்புக்கு வந்தது. அதன்படி, முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் பதிவு செய்யப்பட வேண்டும். கோயிலில் தாலி கட்டினால் ஊருக்குத் திருமணம், சட்டத்துக்கு இல்லை. பதிவு இல்லையென்றால் பிள்ளை முறைப்படி பிறந்ததாகக் கருதப்படாது. கூட்டரசு அரசியலமைப்பின் இரண்டாவது அட்டவணைப்படி, அத்தகைய பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமை வராது. தாயின் தகுதியையே பார்ப்பார்கள். இவளது தாயிடம் எந்த ஆவணமும் இல்லை. ஆவணம் இல்லாததால்தான் திருமணத்தையும் பதிய முடியவில்லை. பாம்பு தன் வாலைத் தானே விழுங்குவது போன்ற நிலை.

“மாரியம்மன் கோயில்ல நாலு பேரு முன்னால தாலி கட்டுனேன் சார். அது போதாதா?” என்று அந்தத் தந்தை என்னிடம் கேட்டார். போதாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தாயிடம் ஏன் ஆவணம் இல்லை என்று கேட்டால் கதை இன்னும் பின்னோக்கிப் போகிறது. நம் முன்னோர் இந்நாட்டுக்கு வந்தபோது யாரும் குடியுரிமையைப் பற்றிப் பேசவில்லை. 1957 விடுதலைக்குப் பின் இங்குப் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் ஆனார்கள். அதற்கு முன் பிறந்தவர்களும் வந்தவர்களும் பெரும்பாலும் விண்ணப்பித்தே பெற வேண்டியிருந்தது. விடுதலைக்குப் பிந்திய முதல் ஓராண்டில் மலாய்மொழித் தேர்வு கூட விலக்கப்பட்டிருந்தது. அந்த ஓராண்டு பலருக்குத் தெரியாமலே போயிற்று. விடியற்காலையில் பெரட்டுக்கு நின்று, மாலை வரை பால்மரக் காட்டில் உழைத்த ஒருவர், ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பட்டணம் போய், ஆங்கிலத்திலோ மலாயிலோ படிவம் நிரப்ப வேண்டும். ‘சிவப்பு அட்டை இருக்கிறதே, அது போதும்’ என்று இருந்துவிட்டார்கள். 1962க்குப் பின் சட்டம் மேலும் இறுகியது. மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரக் குடியிருப்பாளராகவோ இருக்க வேண்டும் என்றாயிற்று. 1969இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் கப்பலேறினார்கள். எஞ்சியவர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் நாம் இப்போது வகுப்பறையில் பார்க்கிறோம்.

நம் ஊரில் அட்டையின் நிறத்தைக் கொண்டே ஒருவரின் நிலையைச் சொல்லிவிடலாம். நீலம் குடிமகன். சிவப்பு நிரந்தரக் குடியிருப்பாளர். பச்சை தற்காலிகக் குடியிருப்பாளர். ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். எந்த நிறமும் இல்லாதவர்களும் உண்டு. என் மாணவியும் அவள் தாயும் அப்படிப்பட்டவர்கள்.

மலேசியாவில் மட்டும்தான் இப்படியா என்றால் இல்லை. இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை ஒரே வீச்சில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அவர்களை இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பங்கு பிரித்தது. அந்தக் கணக்கு முழுதாய்த் தீர 2003இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. அமெரிக்காவில் 1982இல் உச்ச நீதிமன்றம், ஆவணமில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கல்வியை மறுக்கக்கூடாது என்று தீர்ப்பளித்தது. ஆனால், பள்ளியை முடித்த பிறகு பல்கலைக்கழகத்துக்கு எப்படிப் போவது, எப்படி வேலை செய்வது என்ற கேள்வி அங்கும் அப்படியே நின்றது. பள்ளிக்கூடம் வரை இரக்கம் காட்டுவது எல்லா நாட்டுக்கும் எளிதாக இருக்கிறது. பதினெட்டு வயதுக்குப் பின் அந்த இரக்கம் மெல்லத் தேய்ந்துவிடுகிறது.

என் மாணவியிடம் திரும்புகிறேன். அவள் என்னிடம் முதலில் வந்தது 2019இல் அன்று. 2017 மார்ச்சில், எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்தில். அப்போது அவளுக்குப் பதினேழு வயதும் எட்டு மாதமும். அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்படி, சிறப்புச் சூழ்நிலை இருப்பின் 21 வயதுக்குட்பட்ட ஒருவரைக் கூட்டரசு அரசாங்கம் குடிமகனாகப் பதியலாம். ‘பதியலாம்’ என்பதுதான் சொல். ‘பதிய வேண்டும்’ என்றில்லை. 2020 சூலையில் அவளுக்கு 21 நிறைந்துவிடும். விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். நாற்பது மாதங்கள் இருந்தன.

படிவம் நிரப்புவது ஒரு பொழுது வேலை. சான்று தேடுவதுதான் மலையேற்றம். தாய் 1976இல் தோட்டத்து லயத்தில், மருத்துவச்சி கையில் பிறந்தவர். மருத்துவச்சி இறந்துவிட்டார். பாட்டியும் தாத்தாவும் இறந்துவிட்டார்கள். அவர்களின் சிவப்பு அட்டைகள், தோட்டம் கைமாறி லயங்கள் இடிக்கப்பட்டபோது காணாமற் போயின. செக்ரோல் புத்தகம் கிடைக்குமா என்று பழைய கிராணி ஒருவரைத் தேடிப் போனோம். “அதையெல்லாம் எப்பவோ எரிச்சிட்டாங்க தம்பி” என்றார். பிரசவத்தின்போது வெந்நீர் வைத்துக் கொடுத்த மூதாட்டி ஒருவர் மட்டும் உயிரோடிருந்தார். அவரைக் காரில் அழைத்துச் சென்று ஆணையர் முன் சத்தியப் பிரமாணம் எழுதி வாங்கினேன். “பொறந்தப்போ நல்ல மழை, கூரை ஒழுகிச்சு” என்று அவர் சொன்னதை ஆணையர் புன்னகையோடு கேட்டுக்கொண்டார், எழுதவில்லை.

ஒரு நாள் இரவு அந்தத் தாய் பேச்சுவாக்கில் சொன்னார்: “நான் ஆறாவது வரைக்கும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சேன் சார்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாணவர் எண்ணிக்கை குறைந்து அந்தத் தோட்டப் பள்ளி மூடப்பட்டபோது, அதன் பதிவேடுகள் எங்கள் பள்ளிக்குத்தான் வந்து சேர்ந்தன. விளையாட்டுப் பொருள் அறையில், கிழிந்த வலைப்பந்து வலைகளுக்குக் கீழே ஒரு தகரப் பெட்டி இருப்பது எனக்குத் தெரியும். ஆண்டுதோறும் அறையைச் சுத்தம் செய்யும்போது அந்தப் பெட்டியை ஓரமாக நகர்த்தி வைப்பதும் நான்தான். மறுநாள் தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டுத் திறந்தேன். மேலிருந்த இரண்டு ஏடுகளைக் கரையான் தின்றிருந்தது. மூன்றாவது ஏட்டில், 1983ஆம் ஆண்டுப் பக்கத்தில், பதினோராவது வரியில் அந்தத் தாயின் பெயர் இருந்தது. பிறந்த நாள், தோட்டத்தின் பெயர், தகப்பனார் பெயர், தொழில் பால்வெட்டு. கடைசிக் கட்டத்தில் தகப்பனாரின் அடையாள அட்டை எண். எழுதிய ஆசிரியர் யாரோ, முத்து முத்தான கையெழுத்து.

2006இல் அவளைப் பதிவு செய்த மேசையிலிருந்து அந்த அறை இருபது அடி தூரம். பதினோரு ஆண்டுகள் அந்தச் சான்று அங்கேயே கிடந்தது. நான் கேட்கவில்லை, அதனால் கிடைக்கவில்லை. வேறு எவர் மீதும் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை என்று அன்று உணர்ந்தேன்.

2017 இறுதியில் கோப்பை ஒப்படைத்தோம். அவள் ஆறாம் படிவம் படித்துக்கொண்டிருந்தாள். “கார்டு வரலைன்னா இந்தப் படிப்பு எதுக்கு சார்?” என்று பலமுறை கேட்டாள். அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் என்னிடம் இருக்கவில்லை. கார்டு வந்த பிறகு கையில் தேர்ச்சி இல்லையென்றால் அது இன்னும் பெரிய இழப்பு என்று மட்டும் சொன்னேன். அப்படிச் சொன்னதற்கும் காரணம் உண்டு. அவளுக்கு நான்காண்டு மூத்த மாணவன் ஒருவன், இதே நிலையில், ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திக்கொண்டான். கணிதத்தில் கெட்டிக்காரன். கார் கழுவும் கடையில் நாள்கூலிக்கு வேலை செய்தான். வங்கிக் கணக்கு இல்லை, சேமநிதி இல்லை, வாகன உரிமம் இல்லை. போலீஸ் சோதனை என்றால் சந்துக்குள் போய்விடுவான். அவனுக்கு 21 வயது கடந்த பிறகுதான் எனக்குச் செய்தி தெரியும். அவனைப் பற்றி எழுத இன்னும் எனக்குத் துணிவு வரவில்லை.

2019தான் கொடிய ஆண்டு. அவளுடன் படித்தவர்கள் தஞ்சோங் மாலிமுக்கும் பினாங்குக்கும் பெட்டி கட்டினார்கள். இவள் வீட்டில் இருந்தாள். அந்த ஆண்டில்தான் தனியார் கல்லூரிப் படலமும் நடந்தது. கடப்பிதழ் இல்லாமல் மாணவர் அனுமதிச் சீட்டு இல்லை. குடியுரிமை இல்லாமல் பி.டி.பி.டி.என். கடனுதவி இல்லை. வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணத்தையோ, செம்பனைக் குலை வெட்டும் தந்தை பத்தாண்டுச் சம்பளத்தைச் சேர்த்தாலும் கட்ட முடியாது. தாய் என்னைப் பார்க்கும்போதெல்லாம், “எல்லாம் என்னாலதான் சார்” என்று சொல்லத் தொடங்கினார். மகள் அதைக் கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அந்த ஓராண்டில் நாங்கள் செய்ததெல்லாம் சிறு சிறு காரியங்கள். மாதம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைக் கொண்டு நிலவரம் கேட்டோம். கேட்ட நாளையும் கிடைத்த பதிலையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தாள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் மலாய்மொழிப் பாடம் சொல்லிக் கொடுத்தாள்; பெற்றோர் ஆளுக்குப் பத்து வெள்ளி கொடுத்தார்கள். சட்ட உதவி செய்யும் வழக்கறிஞர் ஒருவரிடம் கோப்பைக் காட்டினோம். 15ஏ கைவிட்டால், வேறு எந்த நாட்டுக் குடிமகனாகவும் பிறக்காத ஒருவர் இம்மண்ணில் பிறந்திருந்தால் குடிமகனே என்று அதே இரண்டாவது அட்டவணை சொல்லும் விதியைக் கொண்டு நீதிமன்றம் போகலாம் என்றார். போகலாம்தான். எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

2020 பிப்ரவரியில் கடிதம் வந்தது. விண்ணப்பம் ஏற்கப்பட்டது. 21 நிறைய ஐந்து மாதம் இருந்தது. மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து எல்லாக் கதவுகளும் அடைபடுவதற்குச் சில நாட்கள் முன்பு நீல அட்டை கைக்கு வந்தது. அதை என்னிடம் காட்டிவிட்டு, “போட்டோ நல்லாவே இல்ல சார்” என்றாள். பன்னிரண்டு வயதில் வகுப்பறையில் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

அதே ஆண்டு எஸ்.டி.பி.எம். தேர்ச்சியைக் கொண்டு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் பெற்றாள். முதல் பருவம் முழுதும் இணைய வகுப்பு. தோட்டத்தில் அலைக்கற்றை எட்டாததால் கோயில் திண்ணையில் அமர்ந்து படித்தாள். அவள் பெற்றோர் தாலி கட்டிய அதே மாரியம்மன் கோயில். இப்போது பட்டம் பெற்று வேலையிலும் இருக்கிறாள்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. 2024 அக்டோபரில் நம் நாடாளுமன்ற மக்களவை குடியுரிமை பற்றிய அரசியலமைப்புத் திருத்தத்தை நிறைவேற்றியது. மலேசியத் தாய்மார்கள் வெளிநாட்டில் பெற்ற பிள்ளைகளுக்கு அது நல்ல செய்தி. நெடுநாள் போராடிப் பெற்றது. மகிழ்ச்சி. ஆனால், அதே திருத்தத்தில், 15ஏ பிரிவின் வயது வரம்பு 21இலிருந்து 18ஆகக் குறைகிறது. நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கு இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையும் இல்லாமற் போகிறது. சிவப்பு அட்டைக் குடும்பங்கள் இதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை. என் மாணவிக்கு அந்த மூன்றாண்டுகள் இருந்திராவிட்டால், எஸ்.பி.எம். முடிவோடு அவள் என் வீட்டு வாசலில் நின்றபோது எங்களிடம் நான்கு மாதம்தான் இருந்திருக்கும்.

ஆகவே, முதலாம் ஆண்டுப் பதிவுக்கு அமரும் என் இளைய ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிறப்புப் பத்திரத்தில் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். பார்த்தால், அன்றைக்கே தந்தையை உட்காரவைத்துப் பேசுங்கள். ‘அப்புறம்’ என்று அவர் சொன்னால் விடாதீர்கள். உங்கள் பள்ளியிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதைக் கரையானிடமிருந்து காப்பாற்றுங்கள்.

தாயின் விண்ணப்பம் இன்னும் முடியவில்லை. மகளுக்குப் போதுமாயிருந்த பதினோராவது வரி, தாயின் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்குத் தனியாகப் போதவில்லை. மூதாட்டியும் இப்போது இல்லை. அவரது சத்தியப் பிரமாணம் இருக்கிறது. வரும் செவ்வாய்க்கிழமை மூன்றாம் முறையாக நேர்காணலுக்குப் போகிறோம். மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறாள். பெட்ரோல் செலவைத் தானே தருவதாக அடம்பிடிக்கிறாள். தலைமையாசிரியரிடம் கடிதம் பெற்று, பதிவேட்டை நெகிழிப் பையில் சுற்றி, காரின் பின்னிருக்கையில் வைத்துவிட்டேன்.